ரோமர் ஊருக்குச் சம்பந்தியோடு போனது

எனக்கு எண்பத்துநான்கு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஏழாவதாக, வெளிநாட்டில், பாசல் நகரில், மகனுடைய மகளையும் நானே வளர்த்தேன். எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன், ஆனாலும் ஒருவரையும் கேட்டு எழுதவில்லை.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுகளில். பேத்திக்கு ஐந்து வயது. மருமகளின் தாயார் லண்டனிலிருந்து ஒரு மாதம் நிற்க வந்தார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ரீச்சராக இருந்தவர். வந்த மறுநாளே பிள்ளை என் கையை விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் எங்களை ரோமர் கட்டிய பழைய பட்டினத்தைப் பார்க்கக் கூட்டிப்போனான். பாசலுக்குப் பக்கத்தில்தான். பெரிய அரங்கின் கற்படிகள், புல்லுக்குள்ளே சுவர்களின் அடிக்கட்டு, அவ்வளவுதான் மிச்சம். சம்பந்தி அங்கே நட்டிருந்த அறிவிப்புப் பலகைகளை வாசித்து வாசித்துப் பிள்ளைக்குச் சொன்னார். நிலத்துக்கு அடியில் நெருப்பின் சூட்டை விட்டு, அதற்கு மேலே குளித்தார்களாம். ஊர் பாழான பிறகு அயலவர்கள் கல்லைக் கழற்றிக்கொண்டுபோய்த் தங்கள் வீடுகளைக் கட்டினார்களாம்.

எனக்கு அந்த ஊரில் இரக்கம் வந்தது. என் சுவரிலும் ஒருவர் கல் கழற்றிக்கொண்டுதானே நின்றார்!

"அம்மம்மாவுக்கு எல்லாம் தெரியும்," என்றது பிள்ளை. "உங்களுக்குத் தெரியுமோ, அப்பம்மா?"

"எனக்கு உன்ரை தலையிலை சிக்கெடுக்கத் தெரியும். அது ரோமருக்கும் தெரியாது, லண்டன்காரருக்கும் தெரியாது."

சம்பந்தி சிரித்தார். பிறகு ஒரு கல்லைக் காட்டி, "இது அவையள் சாமிக்குப் படைச்ச கல்," என்றார்.

சாமிக் கல்லென்றால் சும்மா நிற்கலாமா? சப்பாத்தைக் கழற்றினேன். புல்லில் மஞ்சள் பூவொன்றைக் கிள்ளி வைத்தேன். கைப்பையிலிருந்த திருநீற்றை எடுத்து, கல்லில் மூன்று குறியும் இழுத்துவிட்டேன்.

காவல்காரர் கத்திக்கொண்டு ஓடி வந்தார். மகன் கைகூப்பி மன்னிப்புக் கேட்டான். சம்பந்தி, "ஐயோ, மானம் போகுது," என்று தள்ளிப்போய் வேறு பலகையை வாசிக்கத் தொடங்கினார். பிள்ளை பயந்து என் கையை இறுக்கிப் பிடித்தது. எனக்கு அது போதும். அந்த மனிதர் இன்னும் கொஞ்சம் கத்தியிருக்கலாம்.

அவரோ கைலேஞ்சியால் திருநீற்றைத் துடைத்துவிட்டு, பூவைப் பிள்ளையிடம் கொடுத்துச் சிரித்தார். பிள்ளை என் கையை விட்டு ஓடிப்போய் அந்தப் பூவை அம்மம்மாவிடம் கொடுத்தது. அவர் கொண்டையில் செருகிக்கொண்டார். வீடு வரும்வரை அந்தப் பூ என் கண்ணுக்கு முன்னாலேயே ஆடியது.

நான் கிள்ளிய பூ.

அந்தப் பிள்ளைதான் இப்போது பக்கத்தில் இருக்கிறாள். இந்தா மோனை, சத்தமா வாசிச்சுக் காட்டு. பூக் குடுத்த இடத்தைக் கெதியாக் கடந்துபோ. என்ரை கையைப் பிடிச்ச இடத்தை ஆறுதலா, நிறுத்தி நிறுத்தி வாசி.