சுவிட்ச் சாரும் மூன்றாம் மாடித் திரையும்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை. அந்த ஏழு மாடிக் கட்டடத்தில் வாசல் காவலாளி முதல் மேல்மாடிப் பல் டாக்டர் வரை எல்லோருக்கும் அவர் சுவிட்ச் சார்தான். கட்டடத்தின் மேற்பார்வை அவர் பொறுப்பு. ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் அவருக்கு வயிறு எரியும். ஆள் இருக்கிற அறையில் எரிந்தாலும் கொஞ்சம் எரியத்தான் செய்யும். கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே கதவை லேசாகத் திறந்து, "நாலு பேருக்கு எதுக்கு இவ்வளவு லைட்டு?" என்று பாதியை அணைத்துவிட்டுப் போவார்.

வேலைக்கு வந்த பிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம் இல்லை இது, பிறவிக் குணம். மனைவியின் வீட்டுக்கு முதன்முதலாகப் போன அன்று, கை கழுவப் போகிற வழியில் ஒரு சுவிட்ச் போட்டிருப்பதைப் பார்த்தார். கை சும்மா இருக்குமா? அணைத்துவிட்டார். குளியலறைக்குள்ளிருந்து வருங்கால மாமனார், முகமெல்லாம் சோப்பு நுரையோடு, "யோவ், உள்ள ஆள் இருக்கேன்யா!" என்று போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகும் கல்யாணம் நடந்தது என்றால் அது அந்தப் பெண்ணின் பெருந்தன்மை. இன்றைக்கும் அவள் குளிக்கப் போகும்போது, "நான் உள்ள போறேன்" என்று வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி அறிவித்துவிட்டுத்தான் போவாள்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு வாய்த்த கட்டடமோ கரண்டைக் குடிப்பதற்கென்றே கட்டியது. மேற்குப் பக்கம் முழுக்கத் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. வெளியே நின்று பார்க்கிறவர்களுக்கு அழகாகத்தான் இருக்கும். உள்ளே இருப்பவர்களுக்கு, மத்தியானம் திரும்பினால் வெயில் நேராக நுழைந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளும். ஏசி அதனோடு மல்லுக்கட்டும். மல்லுக்கட்டிய கூலி மாதக் கடைசியில் பில்லாக வரும்.

ஒரு நாள் கட்டடத்தின் முதலாளியம்மா அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நீங்களும் வருஷக்கணக்கா லைட்ட அணைச்சுக்கிட்டே இருக்கீங்க. பில்லு மட்டும் ஏறிக்கிட்டே இருக்கு. இந்த வெயில் காலம் முடியறதுக்குள்ள குறைச்சுக் காட்டுங்க. இல்லேன்னா பராமரிப்ப வெளி கம்பெனிக்கு விட்டுடுவேன். ஆளையும் அவங்களே கொண்டுவந்துடுவாங்களாம்."

அதைவிடப் பெரிய இடி வீட்டில் காத்திருந்தது. மனைவியின் தம்பி கூடத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். ஜன்னல் கண்ணாடியில் வெயில் தடுக்கும் பிலிம் ஒட்டுவது அவன் தொழில். விஷயத்தைக் கேட்டதும் அக்காள் புருஷனை மேலும் கீழும் பார்த்தான்.

"கவலைய விடுங்க மாமா. வேலை போச்சுன்னா நம்மகிட்ட வந்துடுங்க. நானே ஏணி பிடிக்க ஒரு ஆள் தேடிக்கிட்டுதான் இருக்கேன்."

அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அதுதான் தாங்க முடியவில்லை. நடைபழகும் வயதில் தான் தூக்கிக்கொண்டு திரிந்த பயல். அவன் மேலே நின்று ஒட்டுவானாம், தான் கீழே நின்று ஏணியைப் பிடிக்க வேண்டுமாம். உயிரே போனாலும் அந்த ஏணியைத் தொடுவதில்லை என்று சுவிட்ச் சார் அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டார்.

வழி ஒரு கல்யாணத்தில் கிடைத்தது. தங்கியிருந்த ஓட்டல் அறையின் ஜன்னலில் கனமான ஒரு திரை தொங்கியது. எதேச்சையாகக் கையைத் திரைக்குப் பின்னால் விட்டார். அங்கே அடுப்படி மாதிரி சூடு. கையை வெளியே எடுத்தார், குளுகுளுவென்று இருந்தது. மறுபடி உள்ளே விட்டார், மறுபடி வெளியே எடுத்தார். அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண் பயந்துபோய் மேனேஜரை அழைத்து வருகிற வரைக்கும் அதையே செய்துகொண்டிருந்தார்.

ஊர் திரும்பியதும் முதலாளியம்மாவிடம் ஒற்றைக் காலில் நின்றார். மூன்றாம் மாடிக்கு மட்டும் சூட்டைத் தடுக்கும் தெர்மல் திரை போட்டுப் பார்ப்பது, அந்த மாடிக்குத் தனி மீட்டர் இருப்பதால் பலன் பில்லிலேயே தெரிந்துவிடும் என்று ஏற்பாடாயிற்று. மச்சினன் முகம் தொங்கிப்போனது.

"சொந்தக்காரன் பிலிம் வெச்சிருக்கேன். நீங்க போயி துணி வாங்குறீங்களே மாமா!"

திரை தைக்கிறவர் வந்தார். கண்ணாடியைப் பார்க்கும் பக்கம் வெள்ளை, நடுவில் மெத்தென்று ஓர் அடுக்கு, உள்பக்கம் சாம்பல் நிறத் துணி. வெயில் மேற்கே திரும்பியதும் மூட வேண்டும், மறுநாள் காலையில் திறந்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மேலேயும் பக்கத்திலும் இடுக்கு இருந்தால் சூட்டுக் காற்று நழுவி உள்ளே வந்துவிடும் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். சொல்லியிருக்கக் கூடாது. சுவிட்ச் சார் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு விரல் இடுக்கு இருக்கக் கூடாது. மூலையில திரும்பி, பக்கத்துச் சுவத்துலயும் ஒரு முழம் போகணும்."

"சார், அந்தச் சுவத்துல ஏதோ பெட்டி இருக்கே?"

"பெட்டியாவது கிட்டியாவது. மூடுங்க!"

திரை மூடியது. மூன்றாம் மாடியில் இருந்தது ஒரு கணக்கு ஆபீஸ். அங்கே மூத்தவர், எந்தக் கூட்டலையும் வாயாலேயே போட்டுவிடுவதால் கால்குலேட்டர் அக்கா என்று பெயர் வாங்கியவர். ஒரு வாரம் கழித்துச் சுவிட்ச் சார் அங்கே போனபோது, வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில், அக்காவோ கம்பளிச் சட்டையும் காலுறையும் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், குளிர் தாங்கல. விரல் விறைச்சுப்போயி தப்புத் தப்பா டைப் பண்றோம்."

சுவிட்ச் சாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஏசியை அவர் என்றைக்கோ இருபத்தாறில் வைத்துப் பூட்டியாயிற்று. ஆளாளுக்குக் கை வைக்கிறார்கள் என்று அதன் கண்ட்ரோலுக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி போட்டு, சாவியைத் தன் கொத்தில் கோத்திருந்தார். இருபத்தாறில் யாருக்காவது குளிருமா? அப்படியானால் இது திரையின் மகிமை! கீழே வந்து காவலாளியிடம் சொன்னார், பல் டாக்டரிடம் சொன்னார், வீட்டில் மனைவியிடம் சொன்னார்.

"கோடையில ஸ்வெட்டர் போட வெச்சுட்டேன் பாரு!"

"அது நல்லதாங்க?" என்று கேட்டாள் மனைவி.

அந்தக் கேள்வியை அவர் காதில் வாங்கவில்லை.

பில் வந்தது. எல்லா மாடியும் இருந்த இடத்தில் இருக்க, மூன்றாம் மாடி மட்டும் துள்ளிக் குதித்து மேலே போயிருந்தது. முதலாளியம்மா அதை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இன்னும் ஒரே ஒரு பில்லு பாருங்க மேடம்" என்று கெஞ்சிவிட்டு வெளியே வந்தார். படியிறங்குவதற்குள் அவருக்குக் குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்டது. அந்த மாடிக்காரர்கள் திரையைத் திறந்துவிடுகிறார்கள்! அவரே பலமுறை கண்டிருக்கிறார், நடுவில் திரையை விலக்கி, அந்தக் கீற்று வெயிலில் முதுகைக் காட்டிக்கொண்டு நாலு பேர் நிற்பதை. குளிருக்காக என்று சால்ஜாப்பு வேறு. கையும் களவுமாகப் பிடித்து முதலாளியம்மா முன்னால் நிறுத்தினால்தான் சரிப்படும்.

மறுநாள் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் மூன்றாம் மாடிக்கு வந்து, திரையின் மூலைக்குள் நுழைந்து நின்றுகொண்டார். கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நிற்கிற இடம். நின்ற கொஞ்ச நேரத்திலேயே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டியது. எதிர்க் கட்டடத்து ஜன்னலில் ஒருவர் டீ குடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவிட்ச் சார் மரியாதைக்குத் தலையசைத்தார்.

ஆட்கள் திரும்பி வந்தார்கள். நாற்காலிகள் உருண்டன. யாரோ தும்மினார்கள். திரையை யாரும் தொடவில்லை. அப்போதுதான் வாசல் பக்கம் முதலாளியம்மாவின் குரல் கேட்டது. கூடவே இன்னொரு குரல், வீட்டுக் கூடத்தில் தினமும் கேட்கிற குரல்.

"உங்க மாமாதானே, நீங்களே சொல்லுங்க. இந்தத் திரையால ஏதாவது பிரயோஜனம் உண்டா?"

"மாமா தங்கமான மனுஷன் மேடம்" என்றான் மச்சினன். "ஒரு லைட்டு வீணா எரிஞ்சாலும் அவருக்குத் தூக்கம் வராது. ஆனா இது துணிதானே மேடம், வெயில என்ன பண்ணிடும்?"

"அதான் நானும் பார்க்கறேன். இன்னொரு பில்லுக்கு என்னால காத்திருக்க முடியாது. இதக் கழட்டிட்டு நீங்க பிலிம ஒட்டிடுங்க. பராமரிப்புக்கு வெளி கம்பெனிய வரச் சொல்லியாச்சு. அவர்கிட்ட நானே சொல்லிக்கறேன்."

மச்சினன் மெதுவாகச் சொன்னான். "பார்த்துச் சொல்லுங்க மேடம். மனசு ஒடஞ்சுருவாரு. நான் என்கூட வெச்சுக்கறேன்."

திரைக்குப் பின்னால் சுவிட்ச் சார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். இந்தக் கட்டடத்தில் எந்த சுவிட்ச் எந்தச் சத்தத்தோடு அணையும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர் அவர். வெளி கம்பெனிக்காரனுக்கு இதெல்லாம் தெரியுமா? கண் கலங்கியதை எதிர்க் கட்டடத்து டீக்காரர் பார்த்துவிடக் கூடாதே என்று முகத்தைச் சுவர் பக்கம் திருப்பினார்.

அங்கே, மூக்குக்கு நேரே, பிளாஸ்டிக் மூடிக்குள் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி இருந்தது. மூடியில் அவர் போட்ட பூட்டு. உள்ளே எண் தெரிந்தது. நாற்பத்தொன்று.

அவருக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் தலையில் ஓங்கி ஒரு அடி வைத்துக்கொண்டார். அறை எவ்வளவு சூடு என்று பார்த்து ஏசிக்குச் சொல்கிற பெட்டி அது. அதைக் கொண்டுபோய் வெயிலோடு சேர்த்து மூடிவிட்டார். பாவம், அதுவும் அவரோடு சேர்ந்து இந்தச் சூட்டில் வெந்துகொண்டு, ஆபீசே தீப்பற்றி எரிகிறது என்று நம்பி, ஓடு ஓடு என்று ஏசியை விரட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கம் மனிதர்கள் விறைத்துப்போயிருப்பது அதற்கெப்படித் தெரியும்?

திரையைப் பிளந்துகொண்டு வெளியே வந்தார். கால்குலேட்டர் அக்கா வீறிட்டார். குளித்துவிட்டுத் துவட்டாமல் வந்தவர் போல நின்ற மனிதரைப் பார்த்து முதலாளியம்மா இரண்டு அடி பின்னால் போனார்.

"நீங்க அங்க என்ன பண்றீங்க?"

"வேர்த்துக்கிட்டு இருக்கேன் மேடம்!"

திரையை ஒதுக்கிப் பெட்டியைக் காட்டினார்.

"ஆபீஸ்ல எல்லாருக்கும் குளிருது, இந்தப் பெட்டிக்கு மட்டும் வேர்க்குது. நான் நின்ன இடத்துலதான் இதுவும் நிக்குது. அதான் ஏசி ஓயவே மாட்டேங்குது."

முதலாளியம்மா எட்டி எண்ணைப் பார்த்தார். அவருடைய ஈரச் சட்டையைப் பார்த்தார். கால்குலேட்டர் அக்காவின் கம்பளியைப் பார்த்தார்.

"இத இப்படி மூடினது யாரு?"

"பூட்டுனதும் சாரு, மூடுனதும் சாரு" என்று அக்கா சட்டென்று கணக்கை முடித்தார்.

"நான்தான் மேடம்" என்றார் சுவிட்ச் சார். "ஆனா ஒண்ணு. இங்க கைய வெச்சுப் பாருங்க. இப்ப திரைக்கு அந்தப் பக்கம் வெச்சுப் பாருங்க."

முதலாளியம்மா கையைத் திரைக்குப் பின்னால் விட்டார். வெளியே எடுத்தார். மறுபடியும் விட்டார்.

மூலையில் திரும்பிய அந்த ஒரு முழத்தைச் சுவிட்ச் சார் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் இழுத்து, மடித்து, கயிற்றால் கட்டினார். பெட்டி வெளியே வந்து அறைக் காற்றைக் குடித்தது. எண் ஒவ்வொன்றாக இறங்கியது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் கூரைக்கு மேலே டக்கென்று ஒரு சத்தம் வந்து, ஏசி ஓய்ந்தது. சுவிட்ச் சாருக்கு அதைவிட இனிய சங்கீதம் இந்த உலகத்தில் கிடையாது. கால்குலேட்டர் அக்கா கம்பளிச் சட்டையின் முதல் பொத்தானைக் கழற்றினார்.

"வெளி கம்பெனிய அடுத்த பில்லு வந்தப்புறம் வரச் சொல்றேன்" என்றார் முதலாளியம்மா.

அடுத்த பில் வந்தது. வெளி கம்பெனி வரவில்லை. மற்ற மாடிகளுக்கும் மேற்குப் பக்கம் திரை போட உத்தரவாயிற்று. "மாடிப்படிக் கண்ணாடியில திரை தொங்கவிட முடியாது மேடம். அங்க பிலிம்தான் சரி" என்று சுவிட்ச் சார் தானாகவே போய்ச் சொன்னார். அன்றைக்கு வீட்டில் மனைவி அவருக்குப் பரிமாறிய விதமே வேறாக இருந்தது.

ஐந்தாம் மாடியில் திரைக் கம்பி மாட்டுகிற அன்று தைக்கிறவரின் ஆள் வரவில்லை. கம்பி பெட்டி வரைக்கும் போகாமல் அதற்கு முன்பே நின்றுவிடுகிறதா என்று பார்க்க, சுவிட்ச் சார் தானே ஏணியில் ஏறினார். ஏணி ஆடியது. மாடிப்படியில் பிலிமை முடித்துவிட்டு மச்சினன் அந்தப் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தான்.

"மாப்ளே, கொஞ்சம் இங்க வா. இதப் பிடி."

மச்சினன் ஏணியைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். வந்து பிடித்துக்கொண்டான். சுவிட்ச் சாருக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் அவன் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்ததைப் பார்த்தபோது, அன்றைக்குத் திரைக்குப் பின்னால் கேட்ட வார்த்தைகள் ஞாபகம் வந்தன. பயல் நல்லவன்தான் என்று நினைத்துக்கொண்டே, தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் ஏணியிலேயே நின்றார்.

வேலை முடிந்ததும் மச்சினன் ஏணியை எடுத்துக்கொண்டு போனான். சுவிட்ச் சார் வழக்கம்போல ஒவ்வொரு மாடியாகப் பார்த்துக்கொண்டு இறங்கினார். கீழே சாமான் அறைக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கை தானாகப் போனது. டக்.

உள்ளே ஏணி எதன் மீதோ மோதிச் சரிகிற சத்தம் கேட்டது. தொடர்ந்து அச்சு அசல் மாமனாரின் குரல், அதே கோபம், அதே தொனி.

"மாமா! உள்ள ஆள் இருக்கேன்!"

சுவிட்ச் சார் அணைத்த விளக்கை வாழ்க்கையில் முதன்முறையாகத் திரும்பப் போட்டார். போட்டுவிட்டு, கையை சுவிட்சிலிருந்து எடுக்காமல் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"சீக்கிரம் வெளிய வா மாப்ளே. எரிஞ்சுக்கிட்டிருக்கு!"