எரிமலைக்கு ஜாமீன் தர மறுத்தவர்

தாமோதரன் சார் போய்விட்டார். காலையில் தஞ்சாவூரிலிருந்து அவர் மகள் போன் செய்தார்.

ஜியாலஜிஸ்ட். 1950-களின் கடைசியில் சாமல்பட்டியில் எங்கள் நிலத்தில் டென்ட் அடித்து, சுத்தியலும் லென்சுமாகக் குன்று குன்றாக அலைந்தவர்.

டீக்கடையில் யாரோ கேட்டதற்கு, "இந்தக் கல்லெல்லாம் ஒரு காலத்துல பூமிக்குள்ள கொதிச்ச குழம்பு" என்று உள்ளதைச் சொன்னார். மீதியை ஊர் சேர்த்துக்கொண்டது. செய்தி ஓசூர் போய்ச் சேர்ந்தபோது எங்கள் நிலம் முழு எரிமலையாகியிருந்தது.

ஓசூரில்தான் எனக்குப் பெண் பார்த்து நாள் குறித்திருந்தார்கள். பெண்ணின் அம்மா கன்னடத்திலேயே முடித்துவிட்டார். "பேடவே பேடா." வேண்டவே வேண்டாம்.

எனக்கு அந்தப் பெண்தான் வேண்டும். சாரைக் கையோடு கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்... எரிமலைக்கு ஜாமீன் கொடுக்க.

அவர் பையிலிருந்த கல்லை உடைத்து, பெண்ணின் அப்பாவிடம் லென்சை நீட்டினார். "படிகம் எவ்ளோ பெரிசு பாருங்க. வேகமா ஆறியிருந்தா இப்படி வளராது. ரொம்ப ஆழத்துல, நிதானமா ஆறின கல்லு. மேல இருந்ததெல்லாம் மழையிலயும் காத்துலயும் கரைஞ்சு போச்சு. மிச்சம் வேர்தான்."

"வேர் இருந்தா துளிர்க்காதா?" என்றார் அப்பா. விவசாயி.

சார் கொஞ்சம் யோசித்தார். "உதாரணம் தப்புங்க... நானே அது மேலதான படுத்துத் தூங்குறேன்?"

"உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகலையே," என்றார் அம்மா, இப்போது தமிழில்.

"சரி சார், திரும்ப வரவே வராதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. முடிச்சிருவோம்," என்றார் அப்பா.

ஒரே வார்த்தை. நான் சார் காலை மிதித்தேன்.

"வரும்னு நம்ப ஒரு காரணமும் இல்லீங்க. ஆனா வரவே வராதுன்னு சொல்ல எங்க படிப்புல எடமில்ல."

போச்சு என்று எழுந்துவிட்டேன்.

அப்பா லென்சைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. "மாப்ள வீட்டுல கெணத்துத் தண்ணிக்குக் கியாரண்டி, மாப்ள கொணத்துக்குக் கியாரண்டி, எல்லாத்துக்கும் குடுத்தாங்க. குடுக்காத ஆளு இவரு ஒருத்தருதான். இவரு பேச்ச நம்பலாம். நாள மாத்த வேணாம்."

மாற்றவில்லை.

இன்று செய்தியை மனைவியிடம் சொன்னேன்.

"நல்ல மனுசன்... உங்களப் பத்தியும் அவருகிட்டயே விசாரிச்சிருக்கலாம்."

போய் வாருங்கள், சார். கல்யாணத்துக்கு நன்றி.