காற்று மெஷினுக்கு நான் போட்ட உறை

இது நடந்து இரண்டு வருஷம் இருக்கும். பெங்களூரில், அத்திபெலேயிலிருந்து ஆனேக்கல் போகிற ரோட்டில் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு அரசு சுகாதார நிலையம். அங்கே நான் ஒரு ஏஜென்சி மூலம் கான்ட்ராக்டில் வேலை செய்கிறேன். பெருக்குவது, துடைப்பது, ஊசி ரூமைக் கழுவுவது. இழுப்பு வந்த குழந்தைகளுக்கு ஆவி வைக்கும்போது மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு உட்காருவது. காலையில் எட்டரைக்கு வருவேன், சாயந்திரம் ஐந்துக்குப் போவேன். ஞாயிறு லீவு. நாலாவதோடு படிப்பு நின்றுவிட்டது. பேர் எழுத வரும், நம்பர் படிக்க வரும்.

எங்களுக்குப் பின்பக்கம் கான்கிரீட் கலக்கிற பிளான்ட் ஒன்று உண்டு. அதன் லாரிகள் ஞாயிறுகூட விடாமல் எங்கள் வாசல் வழியாகத்தான் போகும். மண் ரோடு. ஒரு லாரி போனால் கொஞ்ச நேரம் எதிர் வீடு தெரியாது. எட்டரைக்குத் துடைத்த பெஞ்சில் பத்து மணிக்கு விரலால் பேர் எழுதலாம்.

அந்த வருஷம் கவர்மென்ட்டில் காற்றைச் சுத்தமாக்கப் போகிறோம் என்று சொன்னார்கள். அங்கங்கே மெஷின் மாட்டினார்கள். எங்கள் வாசலுக்கு மேலேயும் ஒன்று வந்தது. வெள்ளை டப்பா, டிபன் கேரியர் அளவு. அடியில் ஓட்டை. பக்கத்தில் கன்னடத்தில் ஒரு போர்டு. மாட்ட வந்தவர்கள் டாக்டரம்மாவிடம் ரொம்ப நேரம் விளக்கினார்கள். நான் உள்ளே கழுவிக்கொண்டு இருந்தேன். அவர்கள் போன பிறகு டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, இது காஸ்ட்லியான சாமான், நம் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள், ஜாக்கிரதை என்றார். சரி என்றேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லா மெஷினுக்கும் உறை உண்டு. லேப்பில் இருக்கிற மைக்ராஸ்கோப்புக்கு உண்டு. கம்ப்யூட்டருக்கு உண்டு. பி.பி. பார்க்கிறதுக்குக்கூட உண்டு. வெளியே தூசியில் தொங்குகிற இதற்கு மட்டும் இல்லை. மாட்டியவர்கள் மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். புது மெத்தை சுற்றி வந்த கெட்டி பிளாஸ்டிக் ஸ்டோரில் கிடந்தது. அதை வெட்டி, ஓரத்தில் எலாஸ்டிக் வைத்துக் கையால் தைத்தேன். அளவு கச்சிதமாக வந்தது. காலையில் வந்ததும் ஸ்டூல் போட்டு ஏறி மாட்டுவேன். போகும்போது கழற்றி எடுத்து வைப்பேன். ராத்திரி லாரி இல்லை. விட்டுப்போனால் உறையை யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

டாக்டரம்மா ஒன்பதரைக்கு ஸ்கூட்டரில் வருவார். அதற்குள் வாசலில் முப்பது பேர் நிற்பார்கள். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே போவார். யாரும் மேலே பார்த்து என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

எதிர்த் தெருவில் பிளவுஸ் தைக்கிற ஒரு பெண். ஓசூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். அவளுக்கு ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. வாரத்துக்கு இரண்டு தடவை இழுப்பு வரும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள். நான் மாஸ்க் பிடிப்பேன். குழந்தை என் மடியிலேயே தூங்கிப்போகும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, இன்னிக்கு இதுவரைக்கும் நாப்பத்தொரு லாரி அக்கா" என்பாள். தைத்துக்கொண்டே சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு எண்ணுவாளாம்.

அவள்தான் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினாள். லாரிகள் பகலில் அந்தப் பக்கத்துத் தார் ரோட்டில் சுற்றிப் போகட்டும் என்று மனு. நானும் கையெழுத்துப் போட்டேன். மனுவை வாங்கிய கவர்மென்ட் ஆபீஸில், மெஷின் மாட்டியிருக்கிறது, மூன்று மாதம் அது என்ன சொல்கிறது என்று பார்ப்போம், நம்பர் ஜாஸ்தியாக இருந்தால் லாரியைத் திருப்பிவிடுகிறோம் என்று பதில் தந்தார்கள். அவளுக்கு ஒரே சந்தோஷம். மெஷின் பொய் சொல்லாது அக்கா என்றாள். ஆமாம் என்றேன்.

மூன்று மாதம் கழித்து எங்கள் ஆஸ்பத்திரி ஹாலிலேயே மீட்டிங் வைத்தார்கள். மத்தியானம் மூன்று மணி. அந்த ஆபீஸிலிருந்து ஆபீஸர் ஒருவர் லேப்டாப்போடு வந்தார். பிளான்ட் மேனேஜர் வந்தார். மனுப் போட்டவர்கள் இருபது பேர் இருப்பார்கள். அவள் முன் பெஞ்சில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். எல்லாப் பேச்சும் கன்னடம்தான். நான் டீ கொடுத்துக்கொண்டு இருந்தேன்.

ஆபீஸர் லேப்டாப்பை எல்லாரும் பார்க்கத் திருப்பி வைத்தார். ஒரு கோடு ஏறி இறங்கிப் போனது. பகலில் இங்கே காற்று ரொம்ப நன்றாக இருக்கிறது, ராத்திரிதான் ஏறுகிறது, ஞாயிற்றுக்கிழமை அதைவிட ஜாஸ்தி என்றார்.

மேனேஜர் சிரித்தார். "ஞாயித்துக்கிழமை எல்லாரும் கறி வறுக்கறாங்க சார். எங்க லாரி ஓடுற நேரத்துலதான் காத்து நல்லா இருக்கு. அவார்டு குடுங்க எங்களுக்கு."

இரண்டு மூன்று பேர் அவரோடு சேர்ந்து சிரித்தார்கள். அவள் எழுந்து நின்றாள். "அப்போ என் பொண்ணு நடிக்கிறாளா சார்?"

ஆபீஸர் கோபப்படவில்லை. பொறுமையாகத்தான் சொன்னார். உங்கள் கஷ்டம் புரிகிறது, ஆனால் நான் நம்பரை வைத்துத்தான் எழுத முடியும், ராத்திரி குப்பை எரிக்கிறார்களா என்று பாருங்கள், இந்த மனுவை இதோடு முடித்துவிடுகிறேன் என்றார். டாக்டரம்மா, என் ரிஜிஸ்டரில் இழுப்புக் கேஸ் ஏறிக்கொண்டே போகிறதே என்று சொல்லிப் பார்த்தார். ஆபீஸர் தலையை ஆட்டிவிட்டுப் பேப்பரை எடுத்தார்.

நான் அவர் பக்கத்தில் டீ கிளாஸை வைத்தேன். கோடு கண்ணுக்கு நேராக இருந்தது. கீழே தேதியும் மணியும் போட்டிருந்தது. எட்டரைக்கு இறங்குகிறது. ஐந்துக்கு ஏறுகிறது. அடுத்த நாளும் எட்டரை, ஐந்து. ஞாயிறு இறங்கவே இல்லை. நடுவில் ஒரு வியாழக்கிழமையும் இறங்கவில்லை. அந்த வியாழக்கிழமை லிங்கராஜபுரத்தில் எங்கள் சொந்தத்தில் ஒரு சாவு. நான் லீவு.

அது என் வேலை நேரம். வருகைப் பதிவேட்டைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

மீதி டீயையும் கொடுத்து முடித்தேன். அந்த நேரத்தில் யோசித்தேன். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. நாளையிலிருந்து உறை போடாமல் இருந்தால் போதும். சொன்னால் ஏஜென்சிக்காரர் நிறுத்திவிடுவார். எனக்கு வேறு வேலை கிடையாது. ஆபீஸர் எழுத ஆரம்பித்தார். அவள் உட்கார்ந்துவிட்டாள். குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டு இருந்தாள்.

"சார், அது காத்து இல்லை. நான்தான்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. எட்டரைக்கு உறை போடுகிறேன், ஐந்து மணிக்கு எடுக்கிறேன் என்று சொன்னேன். என்ன உறை என்று கேட்டார். வாசலைக் காட்டினேன்.

எல்லாரும் எழுந்து வெளியே போனார்கள். உறை மாட்டியபடி இருந்தது. அதன்மேல் தூசி, மாவு சலித்த மாதிரி படிந்திருந்தது. ஆபீஸர் ஸ்டூல் போடச் சொல்லி ஏறிப் பார்த்தார். விரலால் தொட்டார். போட்டோ எடுத்தார். இறங்கி வந்து, இது தூசியை உள்ளே இழுத்துத்தானே அளக்கும், இதைப் போய் மூடி வைத்திருக்கிறாயே, யார் சொல்லிச் செய்தாய் என்றார்.

யாரும் சொல்லவில்லை, தூசி படக்கூடாது என்றுதான் போட்டேன், தூசியை இழுத்துத்தான் அளக்கும் என்று எனக்குத் தெரியாது என்றேன்.

மேனேஜர் உடனே, இவங்க எல்லாம் சேர்ந்து போடுற நாடகம் சார் என்றார். ஆபீஸர் அவரைத் திரும்பிப் பார்த்தார். "உறை போட்டா யாருக்குங்க லாபம்? உங்களுக்குத்தான். இவங்க உங்க ஆளா?"

அந்தக் கேள்வி அங்கே இருந்த எல்லார் காதிலும் விழுந்தது. என்னைப் பார்த்தார்கள். பல வருஷமாக என்னிடம் மருந்துச் சீட்டு நீட்டினவர்கள். நான் காசு வாங்கிக்கொண்டு செய்தேனோ என்று நினைப்பது முகத்தில் தெரிந்தது. வாங்கவில்லை என்று எடுத்துக்காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

அவள் கிட்டே வந்தாள். சத்தம் போடவில்லை. தமிழில் சொன்னாள்.

"மூணு மாசமா என் புள்ளைக்கு ஆவி வச்சதும் நீ. அந்த மெஷினுக்கு மூடி போட்டதும் நீ."

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை.

ஆபீஸர் நான் சொன்னதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மூன்று மாத நம்பரும் செல்லாது, புதிதாக ஒரு மாதம் பார்க்க வேண்டும் என்றார். அதுவரைக்கும் லாரி இதே வழியில் போகும். இன்னும் ஒரு மாதமா என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

எல்லாரும் போன பிறகு கிளாஸ்களைக் கழுவிக்கொண்டு இருந்தேன். டாக்டரம்மா வந்து நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "நானும் தினம் அதுக்குக் கீழதானே போறேன்" என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

ஏஜென்சிக்காரர் போன் செய்து வேலைக்கு வர வேண்டாம் என்றார். பத்து நாள் வீட்டில் இருந்தேன். டாக்டரம்மா பேசியதில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். அதற்குள் மெஷினைச் சுற்றிக் கம்பி வலை அடித்திருந்தார்கள். தொடக் கூடாது என்று கன்னடத்திலும் தமிழிலும் எழுதியிருந்தது. தமிழில் எழுதியது எனக்காகத்தான் இருக்கும்.

ஒரு மாதம் முடிந்தது. நம்பர் அவர்கள் வைத்திருந்த கணக்கைத் தாண்டிப் போயிருந்தது. அதன் பிறகும் உத்தரவு வர ஒன்றரை மாதம் ஆனது. இப்போது பகலில் லாரிகள் தார் ரோட்டில் சுற்றிப் போகின்றன. மழை வந்தால், டிரைவர் புதுசு என்றால், ஒன்றிரண்டு குறுக்கே வரும். அவள் வெளியே வந்து ரோட்டில் நிற்பாள். திரும்பிப் போகும்.

குழந்தைக்கு இழுப்பு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை வருவார்கள். நான்தான் மாஸ்க் பிடிக்கிறேன். குழந்தைக்கு எதுவும் தெரியாது, என் மடியில்தான் தூங்குகிறது. அவள் தள்ளி உட்காருகிறாள். தண்ணி வேண்டும் என்றால், ஆயா, கொஞ்சம் தண்ணி என்பாள். அக்கா என்பதை அன்றைக்கு விட்டதுதான்.

நான் அவளிடம் எதையும் விளக்கவில்லை. விளக்கினால் நல்லதுக்குத்தான் செய்தேன் என்று சொல்ல வேண்டி வரும். அது உண்மைதான், ஆனால் அந்தக் குழந்தை மூன்று மாதம் கூடுதலாக இழுத்த மூச்சுக்கு அது எந்த விதத்திலும் பதில் ஆகாது என்பது இன்றைக்கும் மாஸ்க்கைப் பிடிக்கிறபோதெல்லாம் எனக்குத் தெரிகிறது.