பாதியில் உறைந்த கூடு

ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் அவளை ஐஸ் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வைரஸ்களை உறையவைப்பது அவள் வேலை. கனவு காண்பது அவள் குணம். இரண்டும் ஒரே சம்பளத்தில் நடந்தன. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் சொல்வான்: "இவகிட்ட ஒண்ணு கேட்டா, பதில் ஒவ்வொரு மாடியிலயும் நின்னு நின்னுதான் வரும்."

அவர்கள் வளர்த்த வைரஸ் பாக்டீரியாவைத் தவிர யாரையும் தொடாத சாது. பிறக்கும்போது அதன் கூடு சுருங்கிய, தடித்த உருண்டை. அமிலம் ஒரு துளி பட்டால் போதும், சுவரிலுள்ள புரதங்கள் புரண்டு படுக்கும். கூடு விரிந்து, மெலிந்து, கோணம் கோணமாகிவிடும். புதிதாகப் புரதம் எதுவும் வந்து சேர்வதில்லை. கட்டிலைத் திருப்பிப் போட்டதும் அறை பெரிதாகத் தோன்றுமே, அப்படி.

ஆராய்ச்சி மாணவிக்கு வேண்டியது தொடக்கமும் அல்ல, முடிவும் அல்ல, நடு: பாதி விரிந்த கூடு. அது கிடைத்தால் பட்டம். கிடைக்காவிட்டால் மறுநாள் மின்நுண்ணோக்கி அடுத்த குழுவுக்கு. இவள் மறுபடி வரிசையின் வாலில். ஆனால் அக்கா உறையவைத்ததெல்லாம் முற்றிப்போய்த்தான் வந்தது.

"இதுங்களுக்கு என்னக்கா அவசரம்? பொறந்ததும் கிழவனாயிடுதுங்க!"

"அமிலம் கூடிப்போச்சோ?"

கூடவில்லை. மிச்சம் இருந்ததோ இரண்டே குழாய்.

அமிலம் விட்டதும் குழாயை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, கண்ணை லேசாக மூடி நிற்பது அக்காவின் பழக்கம். நைட்ரஜன் புகை முழங்கைவரை மெல்ல ஏறும். தான் ஏதோ மேகத்தில் நிற்பதாகவும், கைக்குள் கூடுகள் ஒவ்வொன்றாகப் புரண்டு படுப்பதாகவும் தோன்றும். பிறகுதான் துளியைச் சிறு செம்பு வலையில் இட்டுக் கடுங்குளிர்த் திரவத்தில் முக்குவாள். அன்றும் அப்படித்தான் ஒரு குழாயை முடித்தாள். காலிக் குழாயைக் குப்பையில் போட அவள் கையிலிருந்து வாங்கிய மாணவி அப்படியே நின்றாள்.

"என்னக்கா இது, டீ டம்ளர் மாதிரி சுடுது?"

அக்கா தன் கையைப் பார்த்தாள். உறையவைக்க வந்தவள் இத்தனை நாளும் அடைகாத்திருக்கிறாள்.

"சூடு பட்டா சீக்கிரம் முத்திடுமாடீ?"

"முத்தாம? பழுக்க வச்சிருக்கீங்க!"

"யார்கிட்டயும் சொல்லிடாத."

"சொல்லமாட்டேன். கையை மட்டும் பின்னாடி கட்டிக்குங்க."

மாணவி அமிலம் விட்ட கடைசிக் குழாய் பனிக்கட்டிக்குள் நின்றது. அக்கா கை கட்டி, கண் விழித்து, தண்டனை வாங்கிய பிள்ளைபோல எதிரே நின்றாள். விழித்திருந்தபோதுதான் எல்லாம் கனவு போல இருந்தது: புகை நகரவில்லை, சுவர்க் கடிகாரம் மூச்சை அடக்கியிருந்தது. "இப்போ" என்று யாரோ சொன்னார்கள். அது தன் குரல்தான் என்பது மாணவி வலையைத் திரவத்தில் முக்கிய பிறகே அவளுக்குத் தெரிந்தது.

மாலையில் மின்நுண்ணோக்கியின் திரை முழுக்க ஈர மணல் நிறம். அதில் அங்கங்கே கூடுகள். உருண்டையும் இல்லை, கோணமும் இல்லை. மாணவி அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அக்கா மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பாவம்டீ. புரண்டு படுக்கப்போனதைப் பாதியில நிறுத்திட்டோமே."

"அதுக்குத்தானேக்கா உங்களுக்குச் சம்பளம்!"