சனத்தை ஓடவைத்த ஆறு கிற்றார்கள்

ரொறன்ரோவில் முடிவெட்டும் கடையொன்றில்தான் அந்தக் கதையைக் கேட்டேன். பக்கத்துக் கதிரையில் இருந்தவர், ஊருக்குப் போய்வந்த தன் மைத்துனர் சொன்னதென்று சொன்னார்: "முல்லைத்தீவுப் பக்கம் ஒருத்தன் கிற்றார் அடிச்சுக் கடலைக் கூப்பிட்டவனாம். சனம் பிள்ளையளையும் தூக்கிக்கொண்டு ஓடினதாம்."

கடையே சிரித்தது. அந்த ஒருத்தன் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த மெல்ரொன்.

மெல்ரொன் கடற்றொழில் செய்பவன். கிற்றார் பழகியது கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழுவில். இரண்டு படகுகள் அருகருகே ஓடும்போது, இரண்டு எஞ்சின்களின் சத்தமும் கலந்து, நடுவில் மூன்றாவதாக ஒன்று எழும்பி எழும்பி அடங்குவதைக் கேட்டிருக்கிறான். யாரும் எழுப்பாத சத்தம். அதைக் கிற்றாரில் கொண்டுவர வேண்டும் என்று நின்றான். ஆறு மின்கிற்றார்கள்; எல்லாத் தந்திகளும் ஏறக்குறைய ஒரே சுருதி, மயிரிழைதான் வித்தியாசம். பாட்டில்லை, தாளமில்லை. மெல்ல ஏறிக்கொண்டே போகும் ஒரு முழக்கம், அவ்வளவுதான்.

இங்கே கனடாவில் அப்படியான இசைக்கு ஒரு பெயர் இருக்கிறது, கேட்க ஆட்களும் இருக்கிறார்கள் என்று ஒருநாள் ஃபோனில் அவனுக்குச் சொன்னேன்.

"பேர் இருக்கோ? அப்ப மார்கிறட்டிட்டைச் சொல்லு மச்சான். அவா எனக்கு விசர் எண்டு நிக்கிறா" என்றான். மார்கிறட் அவன் மனைவி.

மற்ற ஐந்து கிற்றார்களையும் வாசித்தவர்களும் கடலுக்குப் போகிறவர்களே. நிலவு காலத்தில் மீன் படாது. அந்த நாட்களின் பகலில்தான் பழகினார்கள். கடைசியில், பெருநாள் பூசை முடிந்த பின்னேரம் கோயில் வளவில் வாசிக்க ஃபாதர் சம்மதித்தார். தங்களிடமிருந்த சின்ன ஸ்பீக்கர்ப் பெட்டிகளின் சத்தம் வெளியில் எடுபடாதென்று, கோபுரத்தில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கிகளில் கிற்றார்களைத் தொடுத்தார்கள்.

பிழை அங்கேதான்.

முழக்கம் ஏறியபோது கடற்கரையில் நின்ற சனத்துக்கு அது கிற்றாராகக் கேட்கவில்லை. "சைரன் ஊதுறாங்கள்!" என்று யாரோ கத்தினார்கள். சுனாமி அள்ளிக்கொண்டு போன கரை அது. அதற்குமேல் ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை. கோயில் வளவுக்குள்ளால் விழுந்தடித்து ஓடியவர்களைக் கண்டு, முன்னால் இருந்தவர்களும் எழும்பி ஓடினார்கள். ஆறுபேருக்கும் ஒன்றும் தெரியாது. ஒருவர் சுருதியை மற்றவர் பிடிக்கவேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பதுதான் அவர்கள் பழகியமுறை. கண் திறந்தபோது கவிழ்ந்த கதிரைகளும் செருப்புகளும் கிடந்தன.

மார்கிறட்டும் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தா. தாயையும் தங்கச்சியையும் கடலுக்குக் கொடுத்தவ.

"நீங்கள்தான் வாசிக்கிறியள் எண்டு எனக்குத் தெரியும்," என்றாவாம் பிறகு. "தெரிஞ்சும் என்ரை கால் நிக்கேல்லை. இனி இந்த வீட்டிலை அந்தச் சத்தம் வேண்டாம்."

ஓட்டத்தில் விழுந்த ஒரு கிழவிக்கு இடுப்பு முறிந்தது. ஃபாதர் இனிமேல் இல்லை என்றுவிட்டார். கரையில் வலை இழுக்கிறவர்கள், "மெல்ரொன் அண்ணை, இண்டைக்குக் கடலை வரச் சொன்னனீங்களோ?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நாலுபேர் கிற்றாரைக் கைவிட்டார்கள். மிஞ்சிய கிறிஸ்தோப்பருக்குக் கட்டாரில் வேலை சரிவந்துவிட்டது.

"கடைசிமட்டும் ஒரு சீவனும் அதைக் கேக்கேல்லை மச்சான்," என்றான் மெல்ரொன் போன கிழமை. "ஒரேயொரு ஆள் முழுக்கக் கேட்டால் காணும். பிறகு விட்டிடுவன்."

"ஃபோனிலை நான் கேக்கிறன்ரா."

"ஒரு கிற்றாரிலை அது வராது. ரெண்டு வேணும். கிறிஸ்தோப்பர் சனிக்கிழமை பயணம். காலமை வாடிக்கு வாறன் எண்டவன். அந்த நேரம் நீ ஃபோன் எடு. பாப்பம்."

வாடி என்பது கரையில் அவன் வலை வைக்கும் கொட்டில். அங்கே இப்போது சனிக்கிழமை, விடிந்து நெடுநேரமாகிவிட்டது. கிறிஸ்தோப்பர் வராமலே போயிருக்கலாம். மார்கிறட் வந்து மறித்திருக்கலாம். இல்லை, இருவரும் வாசித்து முடித்து, கேட்க ஆளில்லாமல் எழும்பிப் போயிருக்கலாம்.

மூன்றாந்தரம் அவனுக்கு ஃபோன் எடுக்கிறேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.