மருந்தறைக்கு வந்த மேஜை

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்க ஆஸ்பத்திரியில் அந்த வாரம் நடந்தவை, வரிசைப்படி:

1. நோயாளிகளுக்குக் குளோரோபார்ம் கொடுத்து மயக்கும் பெரிய கம்பவுண்டர் வேலையை விட்டு வேலூருக்கே போய்விட்டார்.

2. அவர் இடத்தில் நிற்க முடியுமா என்று டாக்டர் என்னைக் கேட்டார். முடியாது என்றேன்.

3. சுரங்கத்துக்கு மேலே கல் பொறுக்கும் வேலையில் இருந்த ஒரு அக்கா, நசுங்கிய வலது கையோடு வந்தாள்.

4. முடியும் என்றேன். ஒரு நிபந்தனையும் போட்டேன்.

5. அறுவை மேஜையை நான்கு பேர் தூக்கிக்கொண்டு என் மருந்தறைக்குள் வந்தார்கள்.

6. தரை குலுங்கியது.

இரண்டாவதை விளக்க வேண்டும். நான் மதராஸில் கம்பவுண்டர் படிப்பு முடித்தவள். குளோரோபார்ம் கொடுப்பதும் அந்தப் படிப்பில் சேர்ந்ததுதான். பக்கத்தில் ஆசிரியை நிற்க, நானே கொடுத்திருக்கிறேன். ஆனால் இங்கே வந்த நாள் முதல் என் உலகம் மருந்தறைதான். கிழக்கே பெரிய ஜன்னல். சுவர் முழுக்க அலமாரி. ஒவ்வொரு தட்டின் குறுக்கிலும் நானே கயிறு கட்டியிருந்தேன். சுரங்கத்தின் ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே எங்கள் தரை ஆடும். அதற்கு இங்கே ஏர் பிளாஸ்ட் என்று பெயர். ஆடியதும் எல்லோரும் வெளியே ஓடி சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்ட் இருக்கும் பக்கம் பார்ப்பார்கள். நான் இரண்டு கைகளையும் விரித்து அலமாரியை அணைத்துக்கொள்வேன். அந்த அறையில் ஒரு சீசாகூட என் கையை விட்டு உடைந்ததில்லை.

எனக்கு அந்த அறை பிடித்திருந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. தராசில் மருந்து கூடிப்போனால் கத்தி நுனியால் எடுத்துவிடலாம். மூச்சுக்குள் போனதை எப்படி எடுப்பது? வீட்டில் அம்மாவும் இதையே வேறு மாதிரி சொன்னாள்.

"நெழல்ல நின்னுக்கினு வேல செய்யற. ஊரே மருந்தம்மான்னு கூப்புடுது. அது பத்தலையா ஒனக்கு? உசுரோட இன்னா வெளையாட்டு?"

பத்தும் என்றுதான் நானும் நினைத்தேன்.

டாக்டரிடம் முடியாது என்று சொன்ன மறுநாளே அந்த அக்கா வந்தாள். டாக்டர் கையைப் பார்த்துவிட்டு என் அறை வாசலுக்கு வந்து நின்றார். குரலைத் தாழ்த்தவில்லை.

"மயக்கம் குடுக்க ஆள் இருந்தா நிதானமா செய்யலாம். கட்டைவிரலும் பக்கத்து ரெண்டும் தப்பிக்கும். இல்லேன்னா மணிக்கட்டோட எடுத்துட வேண்டியதுதான். மைசூர் மைன்ஸ் ஆஸ்பத்திரியில கேட்டேன், அங்கேயும் ஆள் இல்லை. வீக்கம் ஏறுது. நாளைக்குன்னு தள்ள முடியாது."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்கா இதைக் கேட்டுவிட்டாள்.

"கட்டவெரலு இல்லாம களி எப்டி சாமி கிண்டறது? எம் மாமியா கிண்டறதத் துன்னணுமா? அது உப்பே போடாது!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் எரிந்தது. மனதுக்குள் வேகமாக ஒரு பட்டியல் ஓடியது: எனக்குத் தெரிந்தவை, தெரியாதவை. தெரிந்தவைதான் நீளமாக இருந்தன. எனக்கே ஆச்சரியம்! தெரியாதவற்றில் முதலில் நின்றது அந்த அறுவை அறை. அங்கே எது எங்கே இருக்கிறது, வெளிச்சம் எப்படி விழும், ஒன்றும் பழக்கமில்லை.

"நான் குடுக்கிறேன் ஐயா. ஆனா இங்கே, என் அறையில. இங்கே எல்லாம் எனக்குப் பார்க்காமலே கைக்கு வரும். கண்ணை அவங்க முகத்தை விட்டு எடுக்க வேண்டாம். வெளிச்சமும் இங்கேதான் நல்லாயிருக்கு."

டாக்டர் ஜன்னலைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார். "ஆக, மேஜை வீட்டோட மாப்பிள்ளையா வரணும்?"

"ஆமாம், ஐயா."

மாப்பிள்ளை வாசல்படியில் சிக்கிக்கொண்டார். "சாச்சுக்கோ! கால மொதல்ல வுடு! யோவ், ஒங் கால இல்லய்யா, மேஜ கால!" என்று வார்டு ஆட்கள் போட்ட சத்தத்தில் அக்காவே சிரித்துவிட்டாள். நான் தரையைக் கழுவினேன், வேண்டியவற்றைக் கொதிக்க வைத்தேன், கைகளைத் தேய்த்தேன். நெஞ்சு தேர் பார்க்கப் போகும் பிள்ளையைப்போலக் குதித்துக்கொண்டிருந்தது.

முகத்தின்மேல் துணி மூடிய கம்பிக் கூடு. அதன்மேல் சொட்டுச் சொட்டாக மருந்து. அக்கா மாமியாரைத் திட்டத் தொடங்கினாள். உப்பில்லாத களி, ஒளித்து வைத்த வெல்லம், இரவல் போன உலக்கை. அறையே சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றது. நான் வசவை மட்டும் கவனித்தேன். வேகம் குறைந்தது, வார்த்தைகள் குழைந்தன, உலக்கை பாதியில் நின்றது. இமையைத் தொட்டுப் பார்த்தேன். அசையவில்லை.

"ஆரம்பிக்கலாம் ஐயா."

அதன்பிறகு எனக்கு உலகமே ஒரு மூச்சுதான். சொட்டு, மூச்சு, உதட்டின் நிறம், நாடி. மறுபடி சொட்டு. மதராஸில் கற்றதெல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து வந்து விரலில் உட்கார்ந்துகொண்டது. இவ்வளவு நாள் இதை எங்கே வைத்திருந்தேன்!

அப்போதுதான் தரை குலுங்கியது.

பெரிய குலுக்கல். ஜன்னல் சட்டம் அடித்துக்கொண்டது. வெளியே ஆட்கள் ஓடும் சத்தம். என் முதுகுக்குப் பின்னால், கை நீட்டும் தூரத்தில், அலமாரி முழுதும் கலகலவென்று ஆடியது. என் தோள்கள் இரண்டும் அந்தப் பக்கம் திரும்பப் பார்த்ததை இன்னும் உணர்கிறேன். ஆனால் மேஜை ஆடிய ஆட்டத்தில் அக்காவின் தாடை சரிந்து மூச்சு கரகரத்தது. தாடையை முன்னே தூக்கிப் பிடித்தேன். பின்னால் ஒரு சீசா விழுந்து உடைந்தது. திரும்பவில்லை. இன்னொன்றும் விழுந்தது. பிடித்த பிடியை விடவில்லை. கரகரப்பு நின்று, மூச்சு நீளமாக வந்தது.

டாக்டர் கத்தியை மேலே தூக்கியபடி நின்றார். "மூச்சு?"

"வருது ஐயா. நிறமும் நல்லாயிருக்கு. நீங்க செய்யுங்க."

டாக்டருக்கு உத்தரவு போட்டிருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது. அவரும் நான் சொன்னபடி செய்தார்.

கட்டுப் போட்டு முடிக்கும்போது வார்டு ஆள் வந்து, கீழே இருந்த ஷிப்ட் முழுக்கப் பத்திரமாக மேலே வந்துவிட்டது என்றான். எல்லோரும் ஒன்றாக மூச்சு விட்டோம். அப்போதுதான் அறை நிறைய இஞ்சி மணப்பதைக் கவனித்தேன். உடைந்தது இஞ்சிச் சாறும் ஓமத் தண்ணீரும்.

அக்கா மெல்லக் கண் திறந்தாள். "இன்னாம்மே இது, புள்ள பெத்த வூடாட்டம் வாசன?" அடுத்த கணமே நினைவு வந்து, "கட்டவெரலு?" என்றாள்.

"கீதுக்கா. பக்கத்து ரெண்டும் கீது."

ஆஸ்பத்திரியில் நான் எப்போதும் திருத்தமாகப் பேசுகிறவள். அன்று வாய் என்னைக் கேட்கவில்லை. அக்கா அழுதாள், அப்புறம் மயக்கத்தில் தான் மாமியாரைத் திட்டியதையெல்லாம் எங்கள் வாயால் கேட்டு வெட்கப்பட்டாள்.

இப்போதைய நிலை இது. அக்கா மூன்று விரலால் களி கிண்டுகிறாள். கல் பொறுக்கும் வேலைக்குப் போவதில்லை, ஆண்டர்சன்பேட்டையில் காய்கறி விற்கிறாள். அலமாரியில் கயிற்றுக்குப் பதிலாக மரச் சட்டம் அடித்திருக்கிறேன். குளோரோபார்ம் கொடுப்பது இப்போது என் வேலை. மேஜை பழைய இடத்துக்குப் போய்விட்டது. அங்கேயும் போய்க் கொடுக்கிறேன், கொடுத்து முடித்ததும் மருந்தறைக்குத் திரும்பிவிடுகிறேன். மேற்படிப்புக்கு மறுபடி மதராஸ் போகச் சொல்கிறார் டாக்டர். இந்த வருஷம் இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.