விஷுவன்று நான் கண்ட துடைப்பம்

நாலு பேர் கூடிய இடத்தில் சகுனத்தைக் கேலி செய்கிறவன் நான். பூனை குறுக்கே போனால், அதற்கும் ஏதோ அவசர ஜோலி இருக்கும் என்று வழிவிட்டு நிற்பதுதான் மரியாதை என்று ஆபீஸில் பிரசங்கமே செய்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான் ஒரு வருஷம், விஷுவில் தொடங்கி, வைகாசி நடுவில் வருகிற இடவப்பாதி மழை பிடிக்கும் வரைக்கும், ஒரு துடைப்பத்துக்குப் பயந்துகொண்டு வாழ்ந்தேன். அது யார் கையிலாவது ஓங்கியிருந்தால் அந்தப் பயத்தில் ஒரு நியாயம் இருந்திருக்கும். அதுவும் இல்லை. சுவரோரம் சும்மா சாய்ந்து நின்ற துடைப்பம்.

தஞ்சாவூர்ப் பக்கத்திலேயே தங்கிவிட்ட பந்துக்களுக்கு இது விளங்காது, ஆகையால் சொல்லிவிடுகிறேன். எங்கள் மூதாதையர் திருவனந்தபுரத்துக்கு வந்து கரமனையில் குடியேறியபோது, கூடவே கொண்டுவந்த பண்டிகைகள் போதாதென்று இந்த ஊர்ப் பண்டிகைகளையும் எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் ஒன்று விஷுக்கணி. விஷு என்கிற மேட மாதம் முதல் தேதி, அதாவது நம் சித்திரைப் பிறப்பன்று, கண் விழித்ததும் முதலில் எதைப் பார்க்கிறோமோ, அந்த வருஷம் முழுவதும் அதைப்போலவே அமையும் என்பது சித்தாந்தம். எனவே முந்தின இரவே வீட்டுக்காரி ஓட்டுருளி என்கிற வெண்கலப் பாத்திரத்தில் அரிசி, வெள்ளரிக்காய், தேங்காய், கொன்றைப் பூ, கண்ணாடி எல்லாவற்றையும் அழகாக அடுக்கி வைத்துவிடுவாள். விடியுமுன் அவளே முதலில் எழுந்து விளக்கை ஏற்றி, மற்றவர்களை ஒவ்வொருவராகக் கண்ணைப் பொத்தி அழைத்து வந்து முன்னால் நிறுத்துவாள். அதுவரை கண்ணைத் திறக்கக் கூடாது.

அந்த வருஷம் எங்கள் ஒரே பெண் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மாடிப்படி ஏற வேண்டாம் என்று கூடத்தை அடுத்த அறையில் அவளுக்குப் படுக்கை. துணைக்கு என் மனைவியும் அங்கேயே. நான் மாத்திரம் மச்சில். விஷுவன்று கீழேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஏன்னா, கணி வெச்சாச்சு. கண்ணைத் திறக்காம அங்கேயே இருங்கோ. இவளைக் கொண்டுவந்து நிறுத்திட்டு நான் வந்து கையைப் பிடிக்கறேன்."

"எனக்கெதுக்குக் கை? இந்த வீட்டுல கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பேன்."

நடக்கவும் நடந்தேன். படி இறங்கினேன். இடதுபுறம் திரும்பினேன். எங்கள் வீட்டில் கணி எப்போதும் பூஜையறையில்தான். ஆனால் அந்த வருஷம், பெண்ணுக்கு நடை குறைவாக இருக்கட்டும் என்று அதை வலதுபுறம் கூடத்திலேயே வைத்திருந்தாள். இதை என்னிடம் இரண்டு தடவை சொன்னதாக அவள் பிறகு சாதித்தாள். நான் அப்போது பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். சாத்தியிருந்த பூஜையறைக் கதவில் நெற்றி இடித்தது. கதவைத் தடவிக்கொண்டே நகர்ந்ததில் அடுக்களைக்குப் போகும் நடையில் நுழைந்துவிட்டேன். காலில் ஏதோ சுருக்கென்று குத்தியது. பாம்பாக இருக்குமோ என்று கண்ணைத் திறந்தேன்.

பின்கட்டுச் சிம்னி விளக்கின் வெளிச்சத்தில், ஈர்க்கை விரித்துக்கொண்டு, துடைப்பம். பக்கத்தில் கவிழ்த்த முறம் ஒன்று, மந்திரியைப் போல.

உடனே கண்ணை மூடிக்கொண்டேன். மனைவி வந்து கையைப் பிடித்து, "எங்கே போனேள்? அங்கே என்ன இருக்கு?" என்றாள். "ஒண்ணுமில்லை" என்றேன். கூடத்துக்கு அழைத்துப் போய்க் கண்ணைத் திறக்கச் சொன்னாள். விளக்கும் கொன்றைப் பூவும் பொன்னாக ஜொலித்தன. கண்ணாடியில் ஒரு பொய்யன் நின்றான்.

அறிவுக்கு இது அபத்தம் என்று தெரியும். பயம் அறிவைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. எனக்கென்று கெடுதல் வந்தால் வரட்டும். நாற்பதைத் தாண்டியவன், பல கெடுதல்களோடு பழகியவன். ஆனால் அந்த வருஷத்தில் வீட்டில் நடக்கப் போகிற பெரிய காரியம் ஒன்றே ஒன்றுதான். பிரசவம் என்பது அப்போதெல்லாம் இன்றுபோல் இல்லை. முந்தின வருஷம்தான் எதிர்ச் சாரியில் ஒரு பெண் சீமந்தத்து வளையல் கையிலிருந்து கழலுமுன் போய்விட்டாள். அவள் என் பெண்ணோடு பாண்டி ஆடியவள். எதிர்வீட்டில் அதற்குப் பிறகு யாரும் உரக்கப் பேசி நான் கேட்டதில்லை.

ஆபீஸில் எனக்கு அடுத்த மேஜைக்காரர் நாஞ்சில் நாட்டுப் பிள்ளைவாள். எல்லா சாஸ்திரத்திலும் அபிப்பிராயம் உள்ளவர். என் சிநேகிதர் ஒருவருடைய சங்கடம் என்று சொல்லி விஷயத்தை அவரிடம் வைத்தேன்.

"ஓய் சாமி, கண்டாச்சுன்னா கண்டாச்சு. பின்ன என்ன அப்பீலா? ரெண்டாமத்து பாத்தது செல்லாது பாத்துக்கிடும்."

"பரிகாரம் ஏதாவது?"

"அடுத்த விஷுதான். அதுவரைக்கும் ஒம்ம சிநேகிதரைச் சூட்சிச்சு நடக்கச் சொல்லும்." பிறகு என்னைச் சற்று நேரம் பார்த்தார். "நெத்தியில என்ன வேய் வீக்கம்?"

சூட்சித்து நடந்தேன். ஜாக்கிரதையாக நடக்கிறவனுக்குத்தான் எல்லாம் தட்டுப்படும் போலிருக்கிறது. குடை காணாமற் போயிற்று: துடைப்பம். கடைவாய்ப் பல் ஆடியது: துடைப்பம். மேலதிகாரி என் குறிப்பைத் திருப்பி அனுப்பினார். அது வழக்கமாக நடப்பதுதான் என்றாலும் அந்த வருஷக் கணக்கில் அதுவும் துடைப்பம். பெண் இருமினால் என் முகம் வெளுக்கும். அவள் இருமாவிட்டால், ஏன் இன்னும் இருமவில்லை என்று அறை வாசலில் போய் நிற்பேன். மருந்தைப் பற்றி விசாரிப்பேன். இரவு என்ன கனவு கண்டாய் என்று கேட்பேன். ஒருநாள் அவள் கேட்டேவிட்டாள்.

"அப்பா, என்னைப் பார்த்தா ஏன் மூஞ்சி இப்படி ஆறது? டாக்டர் உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். துடைப்பம் செய்ய வேண்டிய வேலையை நானே செய்துகொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

படித்தவனுக்கு வருகிற புத்திப்படி முதலில் ஒரு புத்தகத்தைத் தேடினேன். லைப்ரரியில் அகப்பட்டது ஒன்று, யாரோ அமெரிக்கர் எழுதியது. உற்சாகமாக இருப்பவனைத் தேடிக்கொண்டுதான் நன்மை வருகிறதாம். அதற்கு வழி, காலையில் கண்ணாடி முன் நின்று சிரிப்பதாம். மறுநாள் சிரித்துப் பழகினேன். அந்தச் சிரிப்பு கலைவதற்குள் கீழே இறங்கிப் பெண்ணுக்கும் காட்டினேன்.

"அம்மா, அப்பாவுக்குப் பல்லுவலி ஜாஸ்தியாயிடுத்து, இங்கே வாயேன்" என்றாள் அவள்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிறகு நானே ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். வருஷத்துக்கு ஒரு கணி தவறிப் போனால் என்ன? தினம் ஒரு கணி காண்கிறேன் என்று வைத்துக்கொண்டேன். விழிப்பு வந்ததும் கண்ணை மூடியபடியே ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்து, மெதுவாகத் திறந்து, நல்லதாக எது படுகிறதோ அதோடு அன்றைய நாளைத் தொடங்குவது. சாஸ்திரத்தில் இதற்கு இடமில்லைதான். பிள்ளைவாளிடம் சொல்லவில்லை.

முதல் நாள் தென்பட்டது காக்காய். அது நல்லதா கெட்டதா என்று யோசிப்பதற்குள் ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. இரண்டாம் நாள் சற்றுத் தள்ளிப் பார்த்தேன். கரமனை ஆற்றின் மேல் பாலாடை மாதிரி பனி. நடுவில் இடுப்பளவு நீரில் ஒருவர் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த ஜன்னல் வழியாக நான் எத்தனையோ வருஷமாக மழை வருமா என்று மாத்திரமே பார்த்துவந்திருக்கிறேன். பிறகு ஒவ்வொரு நாளும் ஏதாவது அகப்பட்டது. கிணற்றுக் கயிற்றில் இறங்கி வருகிற வெயில். பால்காரனோடு மனைவி போடும் சண்டை. அவன் தண்ணீர் கலப்பது அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். இருந்தாலும் இருவரும் தினமும் புதிதாகத் தொடங்குவார்கள். ஒருநாள் என் பெண், பின்கட்டில் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, வயிற்றிலிருப்பதிடம் எதையோ கண்டித்துச் சொல்லியபடி நடந்துகொண்டிருந்தாள். அன்றைக்கு வேறு கணி தேடவில்லை.

நல்லதைத் தேடினேன் என்று சொல்லிக்கொண்டால் பெருமையாக இருக்கும். கெட்டது கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்ற பயத்தில் தேடினேன் என்பதுதான் நிஜம். பயத்தோடு தேடினாலும் அகப்பட்டது. அதற்காகப் பயம் போய்விடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மாத்திரம் சற்று ஒதுங்கி உட்கார்ந்துகொண்டது. பெண்ணும் என் முகத்தைப் பார்த்துத் தலைப்பைச் சுற்றுவதை விட்டுவிட்டாள்.

இடவப்பாதி மழை தொடங்கிய வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுக்கு வலி எடுத்தது. மிட்வைஃப் அம்மாள் நனைந்த குடையோடு வந்து, என்னை ஒரு நாற்காலியை நகர்த்துவதுபோல் நகர்த்திவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். மலையாளத்து அம்மாள், அதிகம் பேசமாட்டாள். மத்தியானம் ஆயிற்று. மழை வலுத்தது. பெண்ணின் குரல் மழையைத் தாண்டிக் கேட்டது, பிறகு கேட்கவில்லை. கேட்டபோது பட்ட பாட்டைவிடக் கேட்காதபோது பட்ட பாடு பெரிது. அம்மாள் வெந்நீருக்காகக் கதவைத் திறந்தபோது என் முகத்தைப் பார்த்தாள்.

"குறச்சு தாமசிக்கும். பேடிக்கண்டா" என்றாள். கொஞ்சம் தாமதமாகும், பயப்படாதே என்று அர்த்தம். பயப்படாதே என்று சொன்னால்தான் நான் பயப்படுகிறவன் என்பது அவளுக்குத் தெரியாது.

அடுக்களை நடைக்குப் போனேன். வழக்கமான இடத்தில் சாய்ந்துகொண்டு நின்றது அது. என்ன நினைத்தேனோ தெரியாது, நினைத்திருந்தால் செய்திருக்கமாட்டேன். துடைப்பத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடி, மழையோடு மழையாக, மதிலுக்கு அப்பால் அடுத்த வீட்டு வாழைத் தோட்டத்தில் வீசி எறிந்தேன். எறிந்ததும் மூச்சு சற்று ஆறியது. உள்ளே வந்து ஈரத் தலையைத் துடைப்பதற்குள் மனைவி அறையிலிருந்து வெளியே வந்தாள்.

"கூடத்து ஓடு ஒழுகித் தண்ணி உள்ளே போறது. தொடப்பத்தை எடுங்கோ, சீக்கிரம்."

"அது அங்கே இல்லை."

"காலம்பற நான்தானே வெச்சேன். கண்ணு தெரியலையா?"

வேறு வழியில்லை. மதில்மேல் ஏறினேன். கடைசியாக மதில் ஏறியது என் கல்யாணத்துக்கு முன்னால். இறங்கியது இறங்குதல் அல்ல, விழுதல். வாழைக்கட்டைகளுக்கு நடுவில், முழங்காலளவு சேற்றில், துழாவித் துழாவித் துடைப்பத்தை எடுத்து நிமிர்ந்தேன். அடுத்த வீட்டு மாமி அடுக்களை ஜன்னலில் நின்றாள்.

"யாரது? இந்த மழையில எங்காத்துத் தொடப்பத்தைத் திருடறது?"

"நான்தான் மாமி. இது எங்காத்துது."

"உங்காத்துது இங்கே எப்படி வந்தது?"

பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம், மழைச் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு, ஒரு புதுக் குரல் கோபமாக அழுதது. தொடர்ந்தே, ஈனமாக ஆனால் தெளிவாக, என் பெண்ணின் குரல்: "அம்மா, என்ன குழந்தை?"

"பொறந்துடுத்தே. போங்கோ, போங்கோ. தொடப்பத்தைக் கட்டிண்டு என்ன நிக்கறேள்?" என்றாள் மாமி.

கீழே பார்த்தேன். உண்மையிலேயே அதை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தேன். வாழையிலை வழியாக மழை தலையில் கொட்டிக்கொண்டிருந்தது. வாரக்கணக்காக விலாவுக்குள் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று அவிழ்ந்து, மழையோடு கன்னத்தில் வழிந்தது. மழைக்காலம் ஆண்பிள்ளைகளுக்குச் செய்கிற உபகாரம் அது. மாமிக்கு வித்தியாசம் தெரிந்திராது.

பேத்தி. தாய், சேய் இருவரும் சுகம். உள்ளே அனுமதித்தபோது பெண் களைத்துப் படுத்திருந்தாள். என் வேஷ்டியில் இருந்த சேற்றைப் பார்த்து, எழுந்து உட்கார முடியாத நிலையிலும் சிரித்தாள். மிட்வைஃப் அம்மாள் மாத்திரம், "துடைப்பம் எடுக்கப் போனது ஆற்றங்கரைக்கா?" என்று கேட்பதுபோல் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

புண்யாஹவாசனமெல்லாம் முடிந்து வீடு ஓய்ந்த ஒரு பிற்பகலில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள். கதவில் இடித்தது, துடைப்பம் கண்டது, பிள்ளைவாள் தீர்ப்பு, தினக்கணி என்று ஒன்றையும் விடவில்லை. சகுனமெல்லாம் வெறும் மனப்பிராந்தி என்பது இதனால் ருசுவாகிறது என்று கொஞ்சம் தத்துவமாகவே முடித்தேன்.

"அது ஒண்ணும் பிராந்தி இல்லை" என்றாள் அவள். "வருஷா வருஷம் கணிக்கு விளக்கேத்த நான் எழுந்துக்கறச்சே எனக்கு முதல்ல தெரியறது, பக்கத்துல நீங்க வாயைத் திறந்துண்டு தூங்கறதுதான். இந்த வருஷம் கீழே பொண்ணு பக்கத்துல படுத்திருந்தேன், அவ மூஞ்சியிலே முழிச்சேன். அதான் எல்லாம் நன்னா ஆச்சு."